வாரக் கணக்கு போட்டு கடனை அடைக்கிறது: எந்த வழி யாருக்கு சரியா வரும்

கடனை சீக்கிரம் முடிக்கணும்னு நினைக்கிறவங்க முதல்ல பாக்கறது வட்டியைத்தான், எங்க கம்மி, எதுக்கு மாத்தலாம், யார்கிட்ட பேசினா குறைப்பாங்கன்னு. அது தேவைதான், அதைப் பத்தி கடைசில சொல்றேன். ஆனா தவணை கட்டினதுக்கு மேல வாரா வாரம் எவ்ளோ எடுத்து வைக்க முடியுதுங்கறதுதான் கடன் எப்போ முடியும்னு ரொம்ப தூரம் முடிவு பண்ணுது. ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. 1,00,000 கடன், மாசம் 3 சதவீத வட்டி, கிரெடிட் கார்டு மாதிரின்னு வச்சுக்கலாம். மாசம் 5,000 கட்டினா முடிய 31 மாசம் ஆகும், மொத்த வட்டி கிட்டத்தட்ட 55,000. அதே கடனுக்கு மேல வாரம் வெறும் 500 சேத்து கட்டினா 19வது மாசத்துல முடிஞ்சுடும், வட்டி சுமார் 31,500தான். ஒரு வருஷம் முன்னாடியே முடியுது, 23,000க்கு மேல மிச்சம். அதே 1,00,000 மாசம் 1 சதவீத வட்டில இருந்தா இந்த 500 சுமார் 7 மாசத்தையும் 4,000 வட்டியையும்தான் மிச்சப்படுத்தும். அதுவும் நல்லதுதான், ஆனா வட்டி அதிகமான கடன்லதான் வாரக்காசு பெரிய வேலை செய்யுதுங்கறத மனசுல வச்சுக்கோங்க.

இப்ப கேள்வி, அந்த 500ஐ வாரா வாரம் எப்படி வெளிய எடுக்கறது. இதுக்கு நாலஞ்சு வழி புழக்கத்துல இருக்கு, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி ஆளுக்கு ஒத்துவரும். எந்த வழிக்குப் போனாலும் முதல்ல வார நம்பர் சரியா இருக்கணும், அங்கதான் நிறைய பேருக்கு கணக்கு கெடுது, அதனால அதை மொதல்ல பாத்துடலாம்.

மாச சம்பளத்தை 4ஆல வகுத்து வார பட்ஜெட் போடுறது எல்லாரும் பண்றதுதான். 4 வாரத்தை 12 மாசத்தால பெருக்கினா 48. வருஷத்துல இருக்கறது 52 வாரம். அப்போ அந்த பாக்கி 4 வாரத்துக்கு பட்ஜெட்ல காசே கிடையாது, ஆனா சாப்பாடும் பஸ்ஸும் போனும் அந்த வாரத்துலயும் உண்டு. எங்கயோ ஒரு மாசக் கடைசில கார்டு தேய்க்க வேண்டி வருது பாருங்க, ஆள் ஊதாரியா இருக்கணும்னு அவசியமே இல்ல, வகுத்த விதம் தப்பா இருந்தாலே போதும். ஒரு உதாரணம் சொல்றேன். மாச வருமானம் 40,000, வாடகை கரண்ட் பள்ளி இதெல்லாம் சேத்து மாறாத செலவு 18,000, கடன் தவணை 5,000, வருஷத்துல ஒரு தடவை ரெண்டு தடவை வர்ற செலவு மொத்தமா 31,200னு வைங்க. எல்லாத்தையும் வருஷக் கணக்குக்கு கொண்டு போங்க: 4,80,000ல 2,16,000 கழிச்சு, 60,000 கழிச்சு, 31,200 கழிச்சா 1,72,800. இதை 52ஆல வகுத்தா வாரம் 3,323. 12ஆல வகுத்து அப்புறம் 4ஆல வகுத்தவங்க கையில 3,600னு நிக்கும். வாரம் 277 அதிகமா செலவு பண்ணிட்டே இருப்பாங்க, அது வருஷத்துல ஒரு முழு மாசத்து செலவுக் காசு. இது தெரியாம எந்த முறையை எடுத்தாலும் அந்த முறைதான் சரியில்லன்னு தோணும்.

அந்த 31,200ஐயும் கவனிங்க. இன்சூரன்ஸ் பிரீமியம், வண்டி சர்வீஸ், பள்ளி ஃபீஸ், விசேஷ செலவு, மருந்து மாத்திரை இதெல்லாம் எப்ப வரும்னு கிட்டத்தட்ட தெரிஞ்ச செலவுதான், ஆனா பட்ஜெட்ல இல்லாததால ஒவ்வொரு தடவையும் திடீர்னு வந்த மாதிரி நம்மள அடிக்கும். 31,200ஐ 52ஆல வகுத்தா வாரம் 600. வாரம் 600 தனியா ஒதுக்கினா அந்த செலவு வரும்போது கடன் வாங்க வேண்டியதில்ல. பழைய கடனை கஷ்டப்பட்டு ஒரு பக்கம் அடைச்சுட்டே இன்னொரு பக்கம் இந்த மாதிரி செலவுக்காக கார்டு தேய்ச்சா பேலன்ஸ் அதே இடத்துலயே நிக்கும், அதைப் பாத்து மனசு விட்டுப்போய் எல்லாத்தையும் நிறுத்தறவங்க நிறைய பேர். என்னைக் கேட்டா கடன் அடைக்கிற திட்டத்துல முதல் வரியே இந்த 600ஆதான் இருக்கணும், அதுக்கப்புறம்தான் எக்ஸ்ட்ரா தவணை.

சரி, அந்த 600ஐ ஏற்கனவே கழிச்சது போக வார நம்பர் 3,323. நீங்க 2,800ல வாரத்தை ஓட்ட முடியும்னா 523 கடனுக்கு கிடைக்கும். முன்னாடி சொன்ன அந்த 500 இங்கதான் வருது. இனி வழிகளைப் பாப்போம்.

கவர் முறை பழசு, எல்லாருக்கும் தெரியும். வாரத் தொடக்கத்துல 2,800ஐ ரொக்கமா எடுத்து மளிகை, போக்குவரத்து, வெளிச்செலவுன்னு கவர்ல போட்டுடுவாங்க, கவர் காலியானா அந்த வகைல செலவு முடிஞ்சது. இதோட பலம், காசு கையை விட்டுப் போறது கண்ணுக்குத் தெரியும். 2001ல அமெரிக்காவுல இருக்கற எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிரேசன் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் ரெண்டு பேரும் ஒரு சோதனை பண்ணாங்க, விளையாட்டுப் போட்டி டிக்கெட்டுக்கு ஏலம் கேக்கச் சொல்லி, ஒரு குழு ரொக்கமா கட்டணும், இன்னொரு குழு கிரெடிட் கார்டுல கட்டலாம். கார்டு குழு கேட்ட விலை ரொக்கக் குழுவை விட ரெண்டு மடங்கு கிட்ட வந்துச்சு. எல்லாருக்கும் எல்லா பொருளுக்கும் ரெண்டு மடங்குன்னு இதை எடுத்துக்கக் கூடாது, ஆனா எதுல கட்டறோம்ங்கறது எவ்ளோ கட்டறோம்ங்கறத மாத்தும்னு தெளிவா தெரியுது. கவரோட பலவீனமும் வெளிப்படை, இன்னிக்கு நிறைய செலவு ஃபோன்லயே நடக்குது, ஆன்லைன்ல வாங்கறதுக்கும் ரீசார்ஜுக்கும் கவர்ல இருந்து எடுத்துக் கட்ட முடியாது. அதுக்கு ஒரு கணக்கு இதுக்கு ஒரு கணக்குன்னு ரெண்டு வச்சா கொஞ்ச நாள்ல ரெண்டும் குழம்பிடும். வீட்ல ரெண்டு பேர் செலவு பண்ணா கவர் யார் பையில இருக்குங்கறதே ஒரு சண்டை. அதனால கவரை மொத்த பட்ஜெட்டுக்கும் வைக்காம, எந்த ஒரு வகைல உங்க கை நிக்க மாட்டேங்குதோ அதுக்கு மட்டும் வைங்கன்னு சொல்வேன். வெளிய சாப்பிடறதுன்னா அதுக்கு ஒரு கவர், அவ்ளோதான்.

தனி அக்கவுண்ட் முறைதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. சம்பளம் ஒரு அக்கவுண்ட்ல வரும், தவணையும் வாடகையும் அதுலயே ஆட்டோ டெபிட்ல போயிடும். இன்னொரு அக்கவுண்ட் செலவுக்கு மட்டும், அதுக்கு வாரா வாரம் ஒரே கிழமைல 2,800 தானா மாறும்படி ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் குடுத்துடணும், ஃபோன்ல இருக்கற பேமென்ட் ஆப்பையும் டெபிட் கார்டையும் இந்த ரெண்டாவது அக்கவுண்டோட மட்டும் இணைக்கணும். சம்பள அக்கவுண்டோட கார்டை வீட்ல வச்சுடுங்க. இதுல அழகு என்னன்னா எதையும் எழுத வேண்டாம், எந்த வகைல எவ்ளோன்னு பிரிக்க வேண்டாம், பேலன்ஸ் பாத்தா போதும், அது மட்டும்தான் இந்த வாரம் உங்க காசு. வியாழக்கிழமை 400 இருக்குன்னா மூணு நாளை 400ல ஓட்டணும்னு தானா புரியும், யாரும் சொல்ல வேண்டாம். மாச பட்ஜெட்ல இந்த உறுத்தல் 25ம் தேதிக்கு மேலதான் வரும், அதுக்குள்ள தவறு நடந்து முடிஞ்சிருக்கும். வாரத்துல வந்தா ஏழு நாளைக்குள்ள திருத்திக்கலாம், ஒரு வாரம் கெட்டாலும் அடுத்த வாரம் புதுசா தொடங்கும், மாசமே போச்சுன்னு கையை விட்டுட மாட்டீங்க. எந்தக் கிழமை வைக்கறதுன்னு ஒரு சின்ன யோசனை, உங்களுக்கு வார இறுதில செலவு அதிகம்னா திங்கக்கிழமை காசு போடுங்க. வெள்ளிக்கிழமை போட்டா ரெண்டு நாள்ல பாதி கரைஞ்சிடும், திங்கக்கிழமை போட்டா வார இறுதிக்கு மிச்சம் வைக்கணும்னு அஞ்சு நாளும் நினைப்பு இருக்கும். இந்த முறைக்கு குறைன்னா ரெண்டாவது அக்கவுண்டுக்கு மினிமம் பேலன்ஸ் கேக்கறாங்களான்னு பாக்கணும், அப்புறம் காசு தீந்ததும் சம்பள அக்கவுண்ட்ல இருந்து ஆப்ல மாத்திக்கறது ரொம்ப சுலபம். மாத்த வேண்டி வந்தா மாத்துங்க, ஆனா அடுத்த வாரத்து 2,800ல அதைக் கழிச்சுடுங்க.

ஆப்ல ஒவ்வொரு காசையும் எழுதற முறை இருக்கு, வர்ற வருமானம் முழுக்க ஒவ்வொரு வேலைக்கும் ஒதுக்கி மிச்சம் பூஜ்யம்னு கொண்டு வர்றது. வருமானம் நிலையா இல்லாதவங்களுக்கு, சொந்தத் தொழில் பண்றவங்களுக்கு, நாலு கடன் அஞ்சு கடன்னு இருக்கறவங்களுக்கு இது நிஜமாவே உதவும், காசு எங்க போகுதுன்னே தெரியாத நிலைமைல இருக்கறவங்களுக்கும் ஆரம்பத்துல ஒரு மாசம் ரெண்டு மாசம் இது தேவை. ஆனா வருஷக்கணக்குல தொடர்ந்து எழுதறவங்க கம்மி. கடன் அடைக்கிறது ரெண்டு வருஷ வேலையா இருக்கும்போது தினமும் பத்து நிமிஷம் உக்காந்து எழுதச் சொல்ற முறை எனக்கு நம்பிக்கையா தெரியல, நோய் கண்டுபிடிக்க நல்லது, தினசரி வாழ்க்கைக்கு கஷ்டம்.

50-30-20னு ஒரு விதி சுத்திட்டு இருக்கும், தேவைக்கு 50, ஆசைக்கு 30, சேமிப்புக்கும் கடனுக்கும் 20 சதவீதம். கழுத்து வரைக்கும் கடன் இருக்கும்போது ஆசைக்கு 30ங்கறது ரொம்ப அதிகம், வருமானம் கம்மியா இருந்தா தேவைக்கே 50 பத்தாது. கடன் இல்லாதவங்க பாத்துக்கட்டும்.

இன்னொண்ணு தலைகீழ் முறை. சம்பளம் வந்த அன்னிக்கே கடனுக்கு பெரிய தொகையா கட்டிட்டு மீதில மாசத்தை ஓட்டறது. கேக்க வீரமா இருக்கும், கட்டின உடனே பேலன்ஸ் குறையறதைப் பாக்க சந்தோஷமாவும் இருக்கும். ஆனா மீதி எவ்ளோன்னு வாரமா பிரிக்காம விட்டா மூணாவது வாரத்துல காசு தீந்து, கட்டின அதே கார்டுலயே திரும்ப எடுக்கற நிலைமை வரும். கார்டுல பழைய பாக்கி இருந்தா பெரும்பாலான இடத்துல வட்டியில்லா நாள் சலுகை போயிடும், புதுசா வாங்கற பொருளுக்கும் வாங்கின நாள்ல இருந்தே வட்டி ஓடும், இது நிறைய பேருக்குத் தெரியறதே இல்ல. அதனால கடன் அடைச்சு முடிக்கிற வரைக்கும் அந்தக் கார்டுல புதுசா எதுவும் வாங்கக் கூடாது, எந்த முறைல போனாலும் இது மட்டும் கண்டிப்பு. தலைகீழ் முறையையும் தனி அக்கவுண்டையும் சேத்தா நல்லா வரும்: சம்பள நாள்ல தவணை போகட்டும், வாரா வாரம் 2,800 செலவு அக்கவுண்டுக்கு போகட்டும், வார நம்பருக்கும் 2,800க்கும் நடுவுல இருக்கற 523 கடனுக்குப் போகட்டும்.

இந்த 523ஐ வாரா வாரமே கட்டறதா, சேத்து வச்சு மாசம் ஒரு தடவை கட்டறதா? இதுல கொஞ்சம் மிகைப்படுத்தி சொல்றவங்க இருக்காங்க. மாசம் 5,000 கட்டறவங்க அதே 5,000ஐ நாலா பிரிச்சு முன்கூட்டியே வாரா வாரம் கட்டினா வட்டில கிடைக்கறது ரொம்ப சின்னது. மாசம் 3 சதவீதம்னா ஒரு நாளைக்கு 0.1 சதவீதம், 5,000ஐ சராசரியா 11 நாள் முன்னாடி கட்டினீங்கன்னா 55 மிச்சம், அவ்ளோதான். நிஜமான லாபம் வேற எடத்துல இருக்கு. மாசத் தவணைல கால்வாசியை வாரா வாரம் கட்டிட்டு வந்தா 52 கால்வாசி, அதாவது 12 தவணைக்கு பதிலா 13 தவணை கட்டியிருப்பீங்க, அந்த ஒரு எக்ஸ்ட்ரா தவணை நேரா அசல்ல போகும். அதை விட முக்கியம், அக்கவுண்ட்ல சும்மா கிடக்கற 523 மாசக் கடைசி வரைக்கும் 523ஆ இருக்கறது அபூர்வம். அதனால கார்டு கடன்னா வாரா வாரமே கட்டிடுங்க. தவணைக் கடன்னா கடன் குடுத்தவங்ககிட்ட முதல்ல கேட்டுக்கோங்க, எக்ஸ்ட்ராவா கட்டறது அசல்ல கழியுமா இல்ல அடுத்த தவணைக்கு முன்பணமா வைப்பாங்களான்னு, முன்கூட்டியே கட்டினா அபராதம் உண்டான்னு. முன்பணமா வச்சா உங்களுக்கு வட்டில பெருசா எதுவும் குறையாது. அந்த மாதிரி இடத்துல ஒரு தனி சேமிப்புல போட்டு, அவங்க அனுமதிக்கிற அளவு சேந்ததும் பார்ட் பேமென்டா, அதாவது அசல்ல ஒரு பகுதியா கட்டறதுதான் சரி.

ஒண்ணுக்கு மேல கடன் இருந்தா எதுக்கு அந்த வாரக்காசைப் போடறதுங்கறது அடுத்த முடிவு. எல்லாத்துக்கும் மினிமம் கட்டிட்டு, வட்டி அதிகமான கடனுக்கு எக்ஸ்ட்ரா மொத்தத்தையும் போடறது ஒரு வழி, சின்னக் கடனை முதல்ல முடிக்கிறது இன்னொரு வழி. கணக்குப்படி வட்டி அதிகமானது முதல்லங்கறதுதான் எப்பவும் செலவு கம்மி, அதுல வாதமே இல்ல. ஆனா 2012ல டேவிட் கால், பிளேக்லி மெக்ஷேன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு கடன் தீர்வு நிறுவனத்தோட வாடிக்கையாளர் விவரத்தை வச்சு பாத்தப்போ, எத்தனை கடனை முழுசா மூடினாங்கங்கறது, கடைசில எல்லாக் கடன்ல இருந்தும் வெளிய வந்தாங்களாங்கறத முன்கூட்டியே காட்டுச்சுன்னு கண்டாங்க. அதே சமயம் அதுக்கு முந்தின வருஷம் வந்த இன்னொரு ஆய்வு, வட்டி அதிகமான பெரிய கடன் இருக்கும்போதும் ஜனங்க சின்னக் கடனையே மூடப் பாக்கறாங்க, அதனால காசு நஷ்டமாகுதுன்னு காட்டுச்சு. ரெண்டும் உண்மைதான். நான் எப்படி முடிவு பண்ணுவேன்னா, ரெண்டு கடனுக்கும் வட்டி வித்தியாசம் பெருசா இருந்தா, ஒண்ணு மாசம் 3 சதவீதம் இன்னொண்ணு 1 சதவீதம்ங்கற மாதிரி, யோசிக்கவே வேண்டாம், 3 சதவீதத்துல போடுங்க. வட்டி கிட்டத்தட்ட ஒண்ணா இருந்தா சின்னதை முடிங்க, மாசம் ஒரு தவணை குறையும், மூச்சு விட இடம் கிடைக்கும். கொஞ்சம் கொஞ்சமா எல்லாத்துக்கும் பிரிச்சுப் போடறது மட்டும் வேண்டாம், அதுல ரெண்டு லாபமும் கிடைக்காது.

வட்டியை ஒப்பிடும்போது ஒண்ணு பாத்துக்கோங்க, ஃபிளாட் ரேட்டுன்னு சொல்றதும் குறையற பாக்கிக்கு போடற வட்டியும் ஒண்ணில்ல. ஃபிளாட் 10 சதவீதம்னா நீங்க அசலைக் கட்டிக் குறைச்சாலும் முழு அசலுக்கே கடைசி வரைக்கும் வட்டி போடறாங்க, நிஜத்துல அது கிட்டத்தட்ட 18 சதவீதம். 10ங்கற நம்பரைப் பாத்து இதைக் கடைசில வச்சுடாதீங்க.

எல்லாத்தையும் ஒரே கடனா மாத்தி வட்டியைக் குறைச்சுக்கலாமாங்கறது முன்னாடி விட்ட கேள்வி. மாத்தலாம், ஆனா எதை வச்சு முடிவு பண்றீங்கன்னு பாருங்க. அதே 1,00,000ஐ வருஷம் 36ல இருந்து 18 சதவீதத்துக்கு, 5 வருஷத் தவணையா மாத்தினா மாசம் 2,539தான் வரும், பாதியாயிடுச்சேன்னு நிம்மதியா இருக்கும். ஆனா 60 மாசம் கட்டி முடிக்கும்போது மொத்த வட்டி 52,000க்கு மேல போயிருக்கும், பழைய கார்டுலயே மாசம் 5,000 கட்டி 31 மாசத்துல முடிச்சிருந்தா ஆகற 55,000க்கு பக்கத்துல. வட்டி பாதியாச்சு, காலம் இழுத்துடுச்சு, லாபமே இல்லாத மாதிரி ஆயிடுச்சு. அதே 18 சதவீதத்துல மாசம் 5,000ஐ விடாம கட்டினீங்கன்னா 24 மாசத்துல முடியும், வட்டி 20,000க்குள்ள. அதனால மாத்தறதா இருந்தா பழைய தவணை அளவையே கட்ட அனுமதிக்கிற கடனா பாருங்க, குறைஞ்ச தவணையைக் காட்டி வாரச் செலவை 2,800ல இருந்து ஏத்தாதீங்க. மாத்தறதுக்கு ஆகற ப்ராசஸிங் கட்டணத்தையும் வட்டியோட சேத்துக் கணக்குப் போடுங்க.

கையில அவசரத்துக்கு காசு வைக்கலாமா, இல்ல எல்லாத்தையும் கடன்ல போடலாமான்னும் கேப்பாங்க. கார்டு வட்டி 36ல போகும்போது ஆறு மாசச் செலவை சேமிப்புல தூங்க வைக்கறது சரியில்லன்னுதான் நினைக்கறேன். ஒரு மாசச் செலவு அளவு போதும், ஆனா அது கண்டிப்பா இருக்கணும். வேலை நிரந்தரமில்லாதவங்க, வீட்ல வயசானவங்களோ சின்னக் குழந்தையோ இருக்கறவங்க இன்னும் கொஞ்சம் கூட வச்சுக்கறதுல தப்பே இல்ல, கடன் ரெண்டு மாசம் தள்ளிப் போனாலும் பரவாயில்ல.

மாசாமாசம் வருமானம் மாறறவங்க, போன வருஷத்துலயே ரொம்பக் கம்மியா வந்த மாசத்தை வச்சு வார நம்பரைப் போடுங்க, நல்ல மாசத்துல வர்ற கூடுதலை செலவு அக்கவுண்டுக்கு விடாம பாதி கடனுக்கும் பாதி மந்தமான மாசத்துக்கும் ஒதுக்குங்க.

2,800 சரியான நம்பரான்னு எப்படித் தெரியும்? நாலு வாரம் ஓட்டிப் பாருங்க. ஒரு வாரம் மீறினா அது சாதாரணம். மூணு வாரமும் மீறினா நம்பர்தான் தப்பு, உங்களைத் திட்டிக்காதீங்க, 3,000 ஆக்குங்க, கடனுக்கு 523க்கு பதிலா 323 போகட்டும். அதைக் கட்டினாலே மேல சொன்ன கார்டு கடன் 31 மாசத்துக்கு பதிலா 22வது மாசத்துல முடியும். நாலு வாரமும் ஞாயித்துக்கிழமை 300, 400 மிஞ்சினா அந்த மிச்சத்தை அன்னிக்கு ராத்திரியே கடன்ல போட்டுடுங்க, அடுத்த மாசத்துல இருந்து நம்பரை 2,500க்கு இறக்கிப் பாருங்க.